ஐஸ்பழக் குச்சிப் பாலத்தை எப்படி உடைப்பது

கொழும்புப் பாடசாலைகளில் விஞ்ஞான தினமோ தொழினுட்பக் கண்காட்சியோ நடந்தால், மாதிரிப் பாலம் உடைக்கும் மேசையைச் சுற்றித்தான் கூட்டம் மொய்க்கும். ஐஸ்பழக் குச்சியையும் மரப்பசையையும் வைத்துப் பிள்ளைகள் வாரக்கணக்கில் கட்டிய பாலத்தை இரண்டு மேசைகளுக்கு நடுவே வைப்பார்கள். நடுவில் ஒரு வாளியைத் தொங்கவிடுவார்கள். ஒருவர் மணலை அள்ளிப் போடுவார். பாலம் முனகும், வளையும், பிறகு ‘படார்’ என்று ஒரு சத்தம். வாளி நிலத்தில் கிடக்கும், பாலம் சிராய்களாகக் கிடக்கும். கைதட்டல் ஓய்ந்ததும் வாளியை நிறுத்துக் கரும்பலகையில் ஓர் எண்ணை எழுதிவிட்டு அடுத்த பாலத்தை எடுப்பார்கள்.

எனக்கு இதில் நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. பாலம் கட்டிய பிள்ளைக்கு அந்த எண்ணைத் தவிர வேறெதுவும் மிஞ்சுவதில்லை. எந்தக் குச்சி முதலில் விட்டுக்கொடுத்தது? குச்சி முறிந்ததா, பசை விட்டதா, பாலமே பக்கவாட்டில் சரிந்ததா? விடை அந்தச் சிராய்களுக்குள் இருந்தது. ஆனால் வாளி விழுந்த வேகத்தில் நல்ல குச்சியும் கெட்ட குச்சியும் சேர்ந்தே நொறுங்கிவிட்டன. இத்தனை உழைப்பை ஒரே நொடியில் தூளாக்கிவிட்டுக் கூட்டிப் பெருக்கிக் குப்பையில் போடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

நான் கட்டட வேலைத்தளங்களிலிருந்து வரும் கொங்கிரீட் கட்டிகளைச் சோதிக்கும் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். பக்கம் 150 மில்லிமீற்றர் கொண்ட கனக் கட்டிகள். வார்த்த 7 ஆம் நாள் சிலவற்றையும் 28 ஆம் நாள் மற்றவற்றையும் இயந்திரத்தில் வைத்து நெருக்குவோம். உடைந்த சுமையை எழுதுவதோடு எங்கள் வேலை முடிவதில்லை. உடைந்த கட்டியின் உருவத்தையும் பார்த்து எழுத வேண்டும். நான்கு பக்கங்களும் ஏறத்தாழ ஒரே அளவில் உதிர்ந்து, இரண்டு கூம்பகங்கள் உச்சியோடு உச்சி முட்டி நிற்கும் உருவம் மிஞ்சினால் அது முறையான உடைவு. ஒரு பக்கம் மட்டும் பிளந்திருந்தால் கட்டி சரியாக அமரவில்லை, அல்லது தட்டு சமமாக அழுத்தவில்லை. எண் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த முடிவை நாங்கள் நம்புவதில்லை. உடைந்த விதத்தைப் பார்க்காமல் உடைந்த சுமையை மட்டும் எழுதுவது எங்கள் தொழிலில் அரைவேலை.

க.பொ.த. உயர்தரத்தில் தொழினுட்பவியல் பிரிவு 2013 இல் தொடங்கியது. அந்தப் பிரிவுக்குப் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் என் அக்காவின் தோழி. கொழும்பு வடக்கில் ஒரு பாடசாலை. பாலத்தைச் சோதிக்க முறையான கருவி வேண்டும் என்று அவர்தான் பேச்சை எடுத்தார்.

“தம்பி, உங்கள் ஆய்வுகூட இயந்திரத்தில் வைத்து உடைத்துப் பார்க்க முடியாதா? பிள்ளைகளையும் கூட்டி வருவேன்.”

“பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள் அக்கா, பார்க்கட்டும். ஆனால் அந்த இயந்திரத்துக்கு உங்கள் பாலம் கண்ணுக்கே தெரியாது.”

கணக்கு எளிது. சதுர மில்லிமீற்றருக்கு 30 நியூற்றன் தாங்கும் கொங்கிரீட் கட்டி உடைய 675 கிலோநியூற்றன் வேண்டும். அதற்காகவே எங்கள் இயந்திரம் 2000 கிலோநியூற்றன் வரை அழுத்தும்படி செய்யப்பட்டிருக்கிறது. ஐஸ்பழக் குச்சிப் பாலமோ அரைக் கிலோநியூற்றன் அளவில், அதாவது சுமார் 50 கிலோ பாரத்தில், உடையும். அதை அந்த இயந்திரத்தின் திரை பூச்சியத்திலிருந்து பிரித்துக் காட்டாது. பெரிய கருவி எல்லாவற்றையும் அளக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அளக்கப்போகும் பொருளின் அளவுக்கு ஏற்ற கருவியே சரியான கருவி.

வெளிநாட்டு வகுப்பறைகளுக்கென்று செய்து விற்கும் கருவிகள் இருக்கின்றன. வெர்னியர் நிறுவனத்தின் கருவி 1000 நியூற்றன் வரை சுமையேற்றும். விசையையும் இடப்பெயர்ச்சியையும் ஒன்றாக அளந்து கணினியில் வரைபாகக் காட்டும். நல்ல கருவி, மறுக்கவில்லை. ஆனால் 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதங்களுக்குள் 360 ஐ எட்டிய பிறகு, இறக்குமதிக் கருவி வாங்குவதைப் பற்றி அரசாங்கப் பாடசாலை ஒன்றில் பேசுவதே வீண். ஆகவே நாங்களே செய்ய முடிவெடுத்தோம்.

செய்யும் முன் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. அந்தத் தீர்மானத்தைப் பற்றி எழுதத்தான் இந்தக் கட்டுரையையே தொடங்கினேன்.

ஒரு பாலத்தை இரண்டு விதமாக உடைக்கலாம். முதலாவது, பாரத்தைக் கூட்டிக்கொண்டே போவது. மணல் வாளி அந்த வகை. பாலத்தின் ஒரு குச்சி தளர்ந்தாலும் வாளியின் பாரம் குறையாது. தளர்ந்த பாலத்தின் மேல் அதே பாரம் நிற்கும். மீதிக் குச்சிகளால் அதைத் தாங்க முடியாது. ஒன்று போனால் எல்லாமே போகும். இரண்டாவது, பாலத்தைச் சிறிது சிறிதாகக் கீழே இழுப்பது. ஒரு திருகைத் திருப்புகிறோம். பாலத்தின் நடுப்பகுதி ஒரு மில்லிமீற்றர் இறங்குகிறது. அதற்கு எவ்வளவு விசை வேண்டியிருந்தது என்று பார்க்கிறோம். குச்சி ஒன்று தளர்ந்தால் விசை தானாகவே இறங்கிவிடும். கையை எடுத்தால் எல்லாம் அப்படியே நிற்கும். குனிந்து பார்க்கலாம், விரலால் தொட்டுக் காட்டலாம், படம் எடுக்கலாம், பிறகு மீண்டும் திருகலாம்.

பாடசாலைக்கு வேண்டியது இரண்டாவது வகை என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. பஞ்சிகாவத்தையில் வாகனங்களுக்கு விற்கும் ஹைட்ரோலிக் ஜாக்கைப் பயன்படுத்தலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். அது ஒவ்வொரு அடிக்கும் துள்ளித் துள்ளி நகரும். தொன் கணக்கில் தூக்கும் ஜாக்கில் 10 கிலோவை அளக்கப் பார்த்தால், உள்ளே இருக்கும் றப்பர் வளையத்தின் உராய்வே அந்த அளவை விழுங்கிவிடும்.

பழைய சோனகத் தெருவில் இரும்புச் சாமான் கடைகளில் கிடைக்காதது எதுவும் இல்லை. நான் வழக்கமாகப் போகும் கடையின் நானா, என் கையிலிருந்த வரைபடத்தை வாங்கிக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். “பாலம் கட்டுவதற்கு இரும்பு வாங்கியவர்கள் உண்டு தம்பி, பாலத்தை உடைப்பதற்கு வாங்குகிறவர் நீங்கள்தான்” என்றார். பிறகு, 10 மில்லிமீற்றர் மரைக் கம்பி கேட்டவனுக்கு 12 மில்லிமீற்றர்க் கம்பியை எடுத்து வைத்தார். மெல்லியது பிள்ளைகளின் கையில் வளைந்துபோகும் என்றார். அவர் சொன்னது நல்லதாகப் போயிற்று. 12 மில்லிமீற்றர் மரையின் புரியிடை 1.75 மில்லிமீற்றர். நட்டை ஒரு முழுச் சுற்றுத் திருப்பினால் கம்பி 1.75 மில்லிமீற்றர் இறங்கும். கால் சுற்றுக்கு அரை மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. நட்டுக்குக் கீழே ஒரு வட்டத் தகட்டை ஒட்டி நான்கு கோடுகள் கீறிவிட்டோம். இடப்பெயர்ச்சியை அளக்க வேறு கருவி தேவைப்படவில்லை.

சட்டகம் நான்கு கோண இரும்புக் கால்களும் மேலே கீழே சானல் இரும்பும் கொண்டது; ஆமர் வீதிப் பக்கம் ஒரு வெல்டிங் கடையில் ஒட்டிக் கொடுத்தார்கள். மேலே இரண்டு தாங்கிகள். அவற்றைத் தள்ளி 300 முதல் 600 மில்லிமீற்றர் வரை இடைவெளி வைக்கலாம். பாலத்தின் நடுவில் ஒரு மரக் கட்டை. அதன் துளை வழியாக ஒரு கம்பி கீழே போகிறது. அந்தக் கம்பியில் ஒரு டிஜிட்டல் தொங்கு தராசு, தராசின் கீழ் மரைக் கம்பி, மரைக் கம்பியைக் கீழ்ச் சானலுக்கு அடியிலிருந்து இழுக்கும் நட். கம்பி சுழலாதபடி ஒரு முளை வைத்திருக்கிறோம். நட் மட்டுமே சுழல வேண்டும். கம்பியும் சேர்ந்து சுழன்றால் பாலம் முறுகும்.

தராசைப் பற்றி ஒரு விடயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். வில் வைத்த பழைய தொங்கு தராசு மலிவாகக் கிடைக்கிறது என்று அதை மாட்டிவிடாதீர்கள். 50 கிலோவுக்கு அந்த வில் பல சென்ரிமீற்றர் நீளும். பாலம் தளரும் கணத்தில், நீண்ட வில் சுருங்கியபடியே பாலத்தை இழுத்துக்கொண்டு போகும். திருகு வைத்தும் மணல் வாளியின் கதைதான். டிஜிட்டல் தராசுக்குள் இருப்பது லோட் செல். உலோகத் துண்டொன்றின் மேல் ஒட்டிய மெல்லிய கம்பிச் சுவடு நீள்வதால் மாறும் மின்தடையை அளக்கிறது. அது நகரும் தூரம் கண்ணுக்குத் தெரியாது. சட்டகமும் விறைப்பாக இருக்க வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம்.

மின்னணுவில் ஆர்வமுள்ள மாணவன் ஒருவன் தராசைக் கழற்றிவிட்டு லோட் செல்லை, அதன் நுண்ணிய மின்சைகையை எண்ணாக மாற்றும் எச்எக்ஸ்711 சிப்பின் வழியாக, ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையில் இணைத்தான். அந்தச் சிப் செக்கனுக்கு 10 அளவீடுகளோ 80 அளவீடுகளோ தரும். குச்சி முறிவது அதைவிட மிக வேகமாக நடக்கும்; வாளி முறையில் உச்சச் சுமை இரண்டு அளவீடுகளுக்கு இடையே நழுவிவிடலாம். திருகில் சுமை மெதுவாக ஏறுவதால், முறிவதற்குச் சற்று முன் எடுத்த அளவீடே உச்சத்துக்கு மிக அருகில் இருக்கும். தராசு சரியா என்று பார்க்க, அலுவலகங்களுக்கு வரும் 18.9 லீற்றர் தண்ணீர்ப் போத்தலைத் தொங்கவிடுகிறோம். வெறும் போத்தலைப் பலசரக்குக் கடைத் தராசில் நிறுத்துக் கூட்டிக்கொண்டால் போதும்.

இனிப் பாலத்துக்கு வருகிறேன். உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி கட்டிய பாலம் அது. இரண்டு பக்கச் சட்டங்கள், முக்கோணம் முக்கோணமாக, கேத்திரகணிதப் பெட்டியால் அளந்து வெட்டிய மூட்டுகள். பசை ஓர் இடத்திலும் வழியவில்லை. முதல் இரண்டு சுற்றுகளில் விசை மந்தமாக ஏறியது, மூட்டுகள் அமர்கின்றன. பிறகு ஒவ்வொரு கால் சுற்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு கூடியது. மாணவி வரைபுத் தாளில் புள்ளியிட்டுக்கொண்டே வந்தாள், நேர்கோடாக. 30 கிலோவை நெருங்கும்போது புள்ளி ஒன்று கோட்டுக்குச் சற்றுக் கீழே விழுந்தது. அடுத்தது இன்னும் கீழே.

“நிறுத்துங்கள் சேர்” என்றாள். நிறுத்தினோம்.

பாலம் உடையவில்லை. முதற்பார்வைக்கு எதுவும் ஆகவில்லை. பாலத்தின் நுனியிலிருந்து ஒற்றைக் கண்ணால் நீளவாக்கில் பார்த்தபோது தெரிந்தது: இடப்பக்கச் சட்டத்தின் மேற்குச்சி, நடு முக்கோணத்துக்கு மேலே, வெளிப்புறமாக நெளிந்திருந்தது. ஓர் அரிசி அகலத்துக்குத்தான். மேற்குச்சிகளை அந்தப் பாரம் நெருக்குகிறது; கீழ்க்குச்சிகளை இழுக்கிறது. இழுக்கப்படும் குச்சி நேராகும். நெருக்கப்படும் மெல்லிய குச்சி எந்தப் பக்கம் எளிதோ அந்தப் பக்கம் நெளியும். ஐஸ்பழக் குச்சி ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் அகலம், 2 மில்லிமீற்றர் தடிப்பு. தட்டைப் பக்கமாக வளைவதை அது எதிர்ப்பதைவிட, அகலப் பக்கமாக வளைவதை 25 மடங்கு அதிகமாக எதிர்க்கும். அவள் குச்சிகளைத் தட்டையாக ஒட்டியிருந்தாள். ஆகவே பலவீனமான பக்கம் வெளியே பார்த்தது.

நட்டைப் பின்னோக்கித் திருப்பினோம். நெளிவு பெரும்பாலும் நிமிர்ந்தது. இடப்பக்க மேற்குச்சியின் நடுவையும் வலப்பக்க மேற்குச்சியின் நடுவையும் இணைத்துக் குறுக்கே ஒரு குச்சி ஒட்டினாள். ஒரே ஒரு குச்சி. நெளியக்கூடிய நீளம் பாதியானால் நெளிவதற்கு வேண்டிய விசை நான்கு மடங்காகும் என்பது கணிதமேதை ஒய்லர் 1744 இல் வெளியிட்ட சூத்திரம். பசை காய்ந்த பிறகு மீண்டும் ஏற்றினோம். 30 கிலோவைக் கடந்தபோது வகுப்பே மூச்சடக்கிக் காத்திருந்தது. 40 ஐயும் தாண்டியது. இந்த முறை விட்டுக்கொடுத்தது தாங்கிக்குப் பக்கத்திலிருந்த மூட்டு. பசை உரிந்தது, குச்சியில் கீறல்கூட இல்லை. நான்கு மடங்கு கிடைக்கவில்லையே என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. அந்தக் குச்சி நான்கு மடங்கு தாங்கியிருக்கும். அதற்கு முன்பே அடுத்த பலவீனமான இடம் முறை எடுத்துக்கொண்டது. ஒரு பாலத்தில் இரண்டாவது பலவீனமான இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், முதலாவது போகும்போது பாலம் பிழைத்திருக்க வேண்டும். வாளியில் அது நடக்காது.

ஒய்லருக்கு முன்பே இந்த உண்மையைக் கண்டவர் ஒருவர் இருக்கிறார். ஒல்லாந்தர் கொழும்பை ஆண்டுகொண்டிருந்த காலத்தில், அவர்களுடைய ஊரான உட்ரெக்ட்டில் பேராசிரியராக இருந்த பீற்றர் வான் மூசென்புரூக், மரத் துண்டுகளை இழுத்தும் நெருக்கியும் முறிக்கும் கருவிகளைச் செய்து 1729 இல் முடிவுகளை வெளியிட்டார். நெருக்கப்படும் குச்சியின் வலு நீளத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாகக் குறைகிறது என்பதைச் சூத்திரம் எதுவும் இல்லாமல், குச்சிகளை முறித்தே அவர் கண்டறிந்தார். நீளமான குச்சி, பாதி நீளக் குச்சி, கால்வாசி நீளக் குச்சி என்று மூன்றை நெருக்கிப் பார்க்கும் எந்த வகுப்பும் அதையே காணலாம். எங்கள் சட்டகத்தில் முதற்பாடம் இப்போது அதுதான். பாலம் அதன் பிறகு.

உடைத்து, உடைந்த இடத்தை மட்டும் பலப்படுத்தி, மீண்டும் உடைப்பது பிள்ளை விளையாட்டு என்று சொல்பவர்களுக்கு பிரிட்டானியாப் பாலத்தைக் காட்டுவேன். வேல்ஸில் 1850 இல் திறக்கப்பட்ட அந்த இரும்புக் குழாய்ப் பாலத்துக்காக, வில்லியம் ஃபேர்பேர்ன் இலண்டனில் ஆறில் ஒரு பங்கு அளவில் மாதிரி செய்து சோதித்தார். முதலில் அடித்தகடு கிழிந்தது. அதைப் பலப்படுத்தி மீண்டும் ஏற்றினார்கள். மறுபடி உடைந்தது, மறுபடி திருத்தினார்கள். கடைசியில் அதே மாதிரி முதலில் தாங்கியதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் தாங்கியது. கூடிய இரும்பு கொஞ்சம்தான். அது வைக்கப்பட்ட இடம் சரியானது.

வளைவை அளப்பதை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணம் கனடாவின் கியூபெக் பாலம். கட்டிக்கொண்டிருக்கும்போதே 1907 ஓகஸ்ட் 29 அன்று அது விழுந்தது. 75 தொழிலாளர் இறந்தனர். எங்கள் பாலத்தைப் போலல்லாமல், தூணிலிருந்து கைபோல நீட்டிக் கட்டும் அந்த வகைப் பாலத்தில் நெருக்கப்படுவது கீழ்ச்சட்டம். அது நெளிந்ததுதான் காரணம். விழுவதற்குச் சில நாட்களுக்கு முன்பே அந்த நெளிவைக் கண்டார்கள், அளந்தார்கள், அது கூடுவதையும் பார்த்தார்கள். வேலை நிற்கவில்லை. நேர்கோட்டிலிருந்து ஒரு புள்ளி கீழே விழுந்ததும் “நிறுத்துங்கள்” என்று சொல்லப் பழகிய பிள்ளை, நாளைக்கு ஒரு வேலைத்தளத்திலும் அதையே சொல்லும் என்று நம்புகிறேன்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக: கண்ணாடி அணியாமல் எவரும் சட்டகத்தின் முன் நிற்கக் கூடாது, குச்சி முறிந்தால் சிராய் முகத்துக்கு வரும். முன்புறம் ஒளி ஊடுருவும் பிளாஸ்ரிக் தகடு ஒன்றை மாட்டியிருக்கிறோம். நடுக்கட்டை பாலத்தின் சரியான நடுவில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டும். ஒரு பக்கம் சில மில்லிமீற்றர் நகர்ந்தாலும் ஒரு சட்டம் மற்றதைவிடக் கூடுதலாகச் சுமக்கும்; நல்ல பாலத்தின் மேல் வீண்பழி வரும். இரும்புச் சட்டகம் செய்ய வசதியில்லாத பாடசாலைகள் மணலை விட்டுத் தண்ணீரைப் பயன்படுத்தலாம். ஒரு லீற்றர் ஒரு கிலோ. குழாயை நினைத்த கணத்தில் மூடலாம். வாளிக்கும் நிலத்துக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி மட்டும் விட்டால் பாலம் தளர்ந்ததும் வாளி தரையில் அமர்ந்துவிடும், மீதிப் பாலம் தப்பும்.

போட்டி முறையையும் மாற்றினோம். தாங்கிய பாரத்தைப் பாலத்தின் எடையால் வகுத்து வரும் விகிதத்துக்கு முழுப் புள்ளிகளையும் கொடுப்பது பல நாடுகளில் வழக்கம். நியாயமான அளவுதான், ஆனால் அது மட்டும் போதாது. எங்கள் பாடசாலையில் அதற்குப் பாதிப் புள்ளிகள். மீதி, எங்கே முதலில் தளரும் என்று சோதனைக்கு முன் எழுதிக் கொடுக்கும் ஊகத்துக்கும், சோதனைக்குப் பின் எழுதும் விளக்கத்துக்கும். கடந்த தவணையில், மிகக் குறைந்த பாரம் தாங்கிய பாலத்தைக் கட்டிய மாணவன் தன் பாலம் எந்த மூட்டில் விடும் என்று சரியாகக் குறித்திருந்தான். அவனுடைய இரண்டாவது பாலத்தில் அந்த மூட்டுக்கு இருபுறமும் சிறு தகடு வைத்து ஒட்டியிருக்கிறான். பாலத்துறையிலிருந்து வரும் பிள்ளை அவன். களனியின் மேல் 2021 நவம்பரில் திறந்த புதிய பாலத்தின் கேபிள்கள் ஏன் அவ்வளவு மெல்லியவையாக இருக்கலாம் என்பதை வகுப்புக்கு விளக்கியவனும் அவன்தான். இழுக்கப்படுவது நெளியாது.

சட்டகம் வந்த செய்தி பரவி, வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் ஆசிரியர்கள் கேட்டு வருகிறார்கள். இரவல் கொடுக்கிறோம், வாடகை இல்லை. ஒரே நிபந்தனை: திருப்பித் தரும்போது உடைந்த பாலம் ஒன்றையும், அதன் வரைபையும், எங்கே ஏன் உடைந்தது என்று மாணவர் கைப்பட எழுதிய பக்கத்தையும் சேர்த்துத் தர வேண்டும். ஆசிரியை அக்கா தன் வகுப்பறையின் பின்சுவரில் அதற்கென்று ஒரு இராக்கை அடித்திருக்கிறார். அடுத்த தவணைக்கு ஈர்க்கில் பாலம் கட்டப்போகிறோம். அடியில் தடித்து நுனியில் மெலியும் ஈர்க்கை எப்படித் தரம் பிரிப்பது என்பதில் இப்போது வகுப்பில் இரண்டு கட்சி. இரண்டு கட்சிகளும் சட்டகத்தில் சோதித்துப் பார்க்கக் கட்டுக் கட்டாக ஈர்க்குக் கொண்டுவந்து வைத்திருக்கின்றன.